ஆறாவது குப்பி

ஆறு எண்களை எழுதிவிட்டு, பேனாவை மூடி மேசையில் வைத்தாள் தையற்காரி. தாளைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காலையிலிருந்து வந்த பத்துப் பேரில் இவள் கைதான் நிதானமாக இருந்தது. பாவம், இவளும் போனாள்.

ஊசிமருந்துக் குப்பிகளைக் கண்ணால் பார்த்துக் குறையுள்ளதை ஒதுக்கும் வேலைக்கு எங்கள் கம்பெனியில் ஆள் எடுப்பது இப்படித்தான். எண்ணிட்ட நூறு குப்பிகள், ஒரே தட்டில். ஒவ்வொன்றையும் விளக்கடியில் பிடித்து, கவிழ்த்து நிமிர்த்தி, கறுப்புப் பலகைக்கு எதிரே ஐந்து விநாடி, வெள்ளைப் பலகைக்கு எதிரே ஐந்து விநாடி பார்க்க வேண்டும். உள்ளே நாரோ தூசியோ மிதந்தால் அந்த எண்ணை எழுத வேண்டும். ஐந்து குப்பிகளில் வேண்டுமென்றே குறை வைத்திருக்கிறோம். அதில் ஒன்றை விட்டாலும் தோல்வி, நல்ல குப்பியை ஒதுக்கினாலும் தோல்வி. தோற்றவர் மறுபடி இந்த வாசலை மிதிக்க முடியாது. ஒன்பது வருஷமாக அதே தட்டு, அதே விடைத்தாள். பயிற்சி கொடுப்பவள் நான். வருஷா வருஷம் நானும் அதே தேர்வை எழுதித் தேறுகிறேன். ஐந்து எண்களும் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

தையற்காரிக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. எங்கள் வயது வரம்பும் அதுதான். அவள் வேலை பார்த்த தையல் கடையை மூடிவிட்டார்களாம். இது ஒன்பதாவது நேர்காணல் என்று காலையில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"எழுபத்தி மூணு நல்ல பாட்டில்மா. அதை ஏன் எழுதினீங்க?" என்றேன்.

"நல்ல பாட்டில் இல்ல மேடம். செதில் மாதிரி ஒண்ணு கெடக்கு. கவுத்து நிமித்துனா ஒரே ஒரு தடவ மின்னும். நீங்களே பாருங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் எடுத்தேன். கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. கறுப்புப் பலகையின் முன்னே, நகக்கண்ணில் பாதிகூட இல்லாத ஒரு கண்ணாடிச் செதில் மின்னிவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பழைய குப்பி, உள்சுவர் உரிந்திருக்கிறது. தட்டுக்கு வயதாகிவிட்டது, விடைத்தாளுக்கு மட்டும் ஆகவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கச் சொல்லி ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிற நான், இந்தக் குப்பியைக் கடைசியாக எப்போது உண்மையாகப் பார்த்தேன்?

ஆள்சேர்ப்பு அதிகாரியைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்தால் சதவீதம்தான் வரும் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் புள்ளிவிவரம். வந்தார், பார்த்தார். செதில் அவருக்கும் தெரிந்தது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் குப்பியை வைத்துவிட்டு விடைத்தாள் இருந்த கோப்பைத்தான் தட்டினார்.

"விடைத்தாள்ல இல்லாதது தட்டுல இல்ல மேடம்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "உங்க வேகம் நல்லாருக்கு. திங்கக்கெழமைக்குள்ள எனக்கு ஆள் வேணும், முப்பது சதவீதம் காலியா கெடக்கு. எழுபத்தி மூண மட்டும் அடிச்சிடுங்க. இன்னைக்கே வேலை உத்தரவு கையில குடுத்துடறேன்."

அவள் பேனாவைப் பார்த்தாள். அடித்துவிடு தாயே என்றுதான் என் மனம் அவசரப்பட்டது. அந்த அளவுக்குத்தான் என் யோக்கியதை.

"இருக்கறத இல்லன்னு எழுதினாதான் வேலைன்னா, உள்ள வந்தப்புறமும் அப்படித்தான சார் பாக்கணும்?" என்றாள். குரல் உயரவில்லை. "அது யாரு ஒடம்புலயோ ஏறப்போற மருந்து. நான் அடிக்க மாட்டேன்."

"அப்ப தோல்விதான். மேடம், கையெழுத்து போடுங்க."

நான் போடவில்லை. அலமாரியைத் திறந்து தேர்வுப் பதிவேட்டை எடுத்தேன். யார் யார் எந்தெந்த எண்ணை எழுதினார்கள் என்று அதில் இருக்கும். இரண்டு வருஷத்துப் பக்கங்களை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். எழுபத்து மூன்று. எழுபத்து மூன்று. மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் நேராக 'தோல்வி', கீழே என் கையெழுத்து, அழகாக. கண் இருந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தவறவிட்டவர்களைக் கைகுலுக்கி உள்ளே உட்கார வைத்திருக்கிறோம். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

"இதைக் கெளறினா மொதல்ல உருளறது உங்க தலைதான். எல்லாத்துலயும் உங்க கையெழுத்து இருக்கு" என்றார் புள்ளிவிவரம்.

"தெரியும் சார். நூறு சதவீதம் என் கையெழுத்துதான்."

தையற்காரியின் தாளில் 'ஆறும் சரி, தேர்ச்சி' என்று எழுதி, பேனா அழுந்தக் கையெழுத்துப் போட்டேன். அவர் தொழிற்சாலை மேலாளரைக் கூப்பிடப் போனார். போகிற வேகத்தில் கதவு அதிர்ந்தது.

"நான் கெளம்பட்டுமா மேடம்?"

"எங்க கெளம்புறீங்க? உக்காருங்க. அந்தப் பாட்டில யாரு கேட்டாலும் கையில குடுக்காதீங்க. மேலாளர் வந்தா நீங்களே காட்டுங்க."

அந்த ஏழு பேரில் முதல் ஆளின் தொலைபேசி எண்ணைப் பதிவேட்டில் பார்த்து என் கைப்பேசியில் அழுத்தினேன். வெகுநேரம் மணி அடித்தது. பின்னால் ஏதோ இயந்திரம் இரைய, ஒரு பெண் குரல் "யாரு?" என்றது. கம்பெனியின் பெயரைச் சொன்னேன். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இங்க ஒரு தேர்வுக்கு வந்தீங்க. எழுபத்தி மூணாம் நம்பர் பாட்டில்ல குறை இருக்குன்னு எழுதியிருந்தீங்க."

இயந்திரச் சத்தம் நின்றது. அவளே நிறுத்தியிருக்க வேண்டும்.

"இருந்துச்சு. அன்னைக்கே சொன்னேன், நீங்கதான் பாக்கவே இல்ல."

வெளியே காலடிச் சத்தம், ஒன்றுக்கு மேற்பட்டது, நெருங்கி வந்தது. எதிரே தையற்காரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, கறுப்புப் பலகைக்கு முன்னால் குப்பியைக் கவிழ்த்தாள், நிமிர்த்தினாள். செதில் மெல்ல இறங்கி, ஒரு தடவை மின்னியது.