வெய்யிலில் விட்ட அட்டை

குருநகரில் லெனாட்டும் சுபாசும் ஒரே வள்ளத்தில் போய், கடலடியில் ஊரும் கடலட்டை பிடிக்கிறவர்கள். லெனாட் மீசை முளைக்கும் முன்பே கடலில் மூழ்கிச் சுழியோடத் தொடங்கியவன். சுபாஸ் அவனுடைய தங்கை றஜிதாவைக் கட்டிய பிறகுதான் இந்தத் தொழிலுக்கு வந்தான். மூச்சடக்கப் பழக்கியதே லெனாட்தான்.

மாசியில் அமெரிக்காவிலிருந்து ஜெயனி வந்தாள். பிறந்தது பண்டத்தரிப்பில். வேலை அங்கே ஒரு மியூசியத்தில்.

"இருநூறு வருசத்துக்கு முந்தி எங்கடை மியூசியம் இருக்கிற துறைமுகத்துக் கப்பல்காரர் சீனாவுக்குத் தேயிலை வாங்கப் போனவை," என்று அவள் இருவருக்கும் சொன்னாள். "சீனர் விரும்பிற சாமான் அவையிட்டைப் பெரிசா இல்லை. பசிபிக் தீவுச் சனங்களைச் சுழியோட விட்டு, கடலட்டையை அவிச்சுக் காயவைச்சுக் கொண்டுபோனவை. அந்தக் கப்பித்தான்மாரின்ரை படம் மியூசியச் சுவர் முழுக்க இருக்கு. சுழியோடினவையின்ரை ஒரு முகம்கூட இல்லை. அதுதான் இப்பவும் சுழியோடுற ஒராளைப் படம் எடுத்து அங்கை வைக்க உங்களைத் தேடி வந்தனான்."

அந்த முகம் தன்னுடையதுதான் என்று லெனாட் நினைத்தான். தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தான். ஜெயனி சுபாசைத் தெரிவு செய்தாள்.

"அவர் கமராவுக்குக் கூச்சமில்லாமல் கதைக்கிறார், அண்ணை," என்றாள்.

லெனாட் தலையை ஆட்டினான். றஜிதா புருசனுக்குச் சேட்டு அயன் பண்ணுவதைப் பார்த்தபோது சொந்தத் தங்கைமேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது.

படம் எடுக்கிற அன்று, பிடித்த அட்டைகளைக் கடல்தண்ணீர் வாளியில் ஈரச்சாக்கால் மூடி லெனாட்டிடம் பார்த்துக்கொள்ளக் கொடுத்தார்கள். கரையில் அடுப்பு மூட்டியபடி சுபாஸ் கமராவைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்: "மூச்சைப் பிடிக்கிறதிலைதான் எல்லாம் இருக்கு."

தான் சொல்லிக்கொடுத்த அதே வசனம். லெனாட் சாக்கை இழுத்தான். வாளித் தண்ணீரை மணலில் ஊற்றினான்.

அண்டாவில் தண்ணீர் கொதித்தபோது, வெய்யிலில் கிடந்த அட்டைகள் கரைந்து கூழாகியிருந்தன. ஜெயனி திகைத்து நின்றாள். சுபாஸ் வாளியைப் பார்த்தான். பிறகு மச்சானைப் பார்த்தான்.

"என்ரை பிழை, தங்கச்சி. தண்ணி மாத்தச் சொல்ல மறந்திட்டன்," என்று சுபாஸ் ஜெயனியிடம் சொன்னான்.

"பரவாயில்லை அண்ணை. ஒருத்தரிலையும் பழி போடாமல் ஏற்கிறியள்," என்றாள் ஜெயனி.

அந்தப் புகழும் அவனுக்கா? லெனாட்டால் பொறுக்க முடியவில்லை.

"அவன் பொய் சொல்லுறான். நான்தான் ஊத்தினனான். வேணுமெண்டுதான் ஊத்தினனான்."

ஜெயனி கமராவை நிறுத்தினாள். சுபாஸ் அடுப்பில் மண்ணைப் போட்டு அணைத்தான்.

"நாளையிலையிருந்து நீ வேறை வள்ளம் பார், மச்சான்."

லெனாட் வேறு வள்ளம் பார்த்தான். அடுத்த கிழமை ஜெயனி திரும்ப வந்து, சுபாசை வைத்தே படத்தை முடித்துக்கொண்டு போனாள்.