அப்பா எழுதிய பக்கம்

"வக்கீல் இல்லாம குழந்தையத் திருப்பிக் கேக்கறது கஷ்டம்மா," என்றார் ஜப்பானின் ஹகோடாதே நகர நீதிமன்ற எழுத்தர்.

"என் பொண்ணைப் பத்தி எந்த வக்கீலுக்கு என்னைவிட அதிகமாத் தெரியும்?" என்றாள் கணவாய் மீன் வெட்டும் சினாமி. மகள் கோஹருவைக் கணவன் தன் பெற்றோர் வீட்டுக்குத் தூக்கிப்போயிருந்தான். மனுவைத் தானே எழுதிக் கொடுத்தாள்.

விசாரணையில் கணவனின் வக்கீல், "குழந்தைய வளர்த்ததே அப்பாதான்," என்று சாதித்தார். சினாமி மூன்று நோட்டுகளை மேசையில் வைத்தாள். குழந்தையின் உடம்புச் சூடு, தூக்கம், தின்ற சோறு என்று பாலர் பள்ளிக்குத் தினமும் காலையில் வீட்டிலிருந்து எழுதியனுப்பும் நோட்டுகள். எல்லாம் அவள் கையெழுத்து.

புரட்டிப் பார்த்த நீதிபதி, "அப்பா எழுதின பக்கம் எது?" என்றார்.

கணவன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒண்ணு இருக்குங்க. நான் காய்ச்சல்ல படுத்த அன்னைக்கு," என்று சினாமி நிமிர்ந்து நின்று எடுத்துக் கொடுத்தாள்.

அதில் ஒரே வரி: 'அம்மாவிடம் கேட்கவும்.'