கலண்டரில் வந்த கரடி

வந்திருந்தோர்: மரண உதவிச் சங்கத் தலைவர் அழகன், வாசலுக்கு நேரே கைப்பிடிக் கதிரையில் உட்கார்ந்து. பொருளாளர் நாகலெட்சுமி, ஜன்னலோர வாங்குப் பலகையில். உறுப்பினர் பிரதாப், சுவரில் சாய்ந்து. படம் வரைந்த ஜீவராணி, உட்காராமல் நின்றபடி. செயலாளர் கஜேந்திரன், மேசையில்.

இதை எழுதி முடிப்பதற்குள்ளேயே கஜேந்திரனுக்குத் தலை வலித்தது.

எல்லாவற்றுக்கும் காரணம், போன வருடக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஜீவராணி வரைந்த படம். கரடி தலைமை தாங்கித் தூங்கும். சிறுத்தை மேசையைத் தட்டும். நரி மேசைக்கடியில் போன் பார்க்கும். கழுதை கூட்டக் குறிப்புக் கொப்பிகளைச் சுமந்து நிற்கும். போனுக்குப் போன் பரவிய படத்தை ஹட்டனில் ஓர் அச்சகம் பெயரில்லாமல் கலண்டராகவே போட்டுவிட்டது. கேட்கப் போனால், நாய் சீட்டாடும் படமெல்லாம் வெளிநாட்டில் எப்போதோ வந்தாயிற்று, இதுவும் அங்கிருந்து வந்ததுதான் என்றார் முதலாளி. இங்கேதான் பிறந்தது, இன்ன மிருகம் இன்னார் என்று சங்கம் எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தால், வெள்ளிக்கிழமை அடிக்கும் மறுபதிப்பில் பெயர் போடுவாராம். பெயர் வந்தால்தான் ஜீவராணியைத் தேடி அடுத்த வேலை வரும்.

"நானா கரடி?" என்றார் அழகன். "நா எப்பங்க தூங்குனேன்? கண்ண மூடி யோசிச்சுக்கிட்டு இருந்தேன். சிறுத்தைன்னு எழுதுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"சிறுத்த நானு," என்றாள் நாகலெட்சுமி. "ஒங்க கொறட்டைக்கு மேல அன்னிக்கு மேசையத் தட்டிக் கத்துனது யாராம்?"

"என் பேர வுட்ருங்க," என்றான் பிரதாப். "நரி போன்ல என்னாத்தப் பாத்துச்சுன்னு வீட்ல கேப்பாங்க."

மூன்று தாள் கிழிந்தது. 'உறுப்பினர்களில் ஒருவர் கரடி' என்று எழுதிப் பார்த்தான் கஜேந்திரன்.

"ஒருவர்னு எழுதுனா அந்த மொதலாளி சிரிப்பாரு அண்ணே," என்றாள் ஜீவராணி. "மேசக் காலுக்கு வச்ச செங்கல்லு வரைக்கும் படத்துல இருக்கு. பேரச் சொல்லத்தான் இவ்வளவு வெக்கமா?"

"அப்ப கழுத யாருங்க, செக்ரட்டரி?" என்றான் பிரதாப்.

அது யாருமில்லை, சும்மா ஒரு கழுதை என்றுதான் ஒரு வருடமாகக் கஜேந்திரன் சொல்லிவந்தான். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் தாளை எடுத்தான். எழுதியதை உரக்கவே வாசித்தான்: "படத்தில் கொப்பிகளைச் சுமந்து நிற்கும் கழுதை, கீழே ஒப்பமிடும் செயலாளராகிய நானே."

நாகலெட்சுமி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு பேனாவை வாங்கிச் சிறுத்தைக்கு நேரே ஒப்பமிட்டாள். முனகிக்கொண்டே பிரதாப் நரியானான். அழகன் மட்டும் பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"யோசனையில இருந்த கரடின்னு போடுவீங்களா?"

"போடுறேன் தலைவரே."

ஒப்பம் விழுந்தது. முத்திரை குத்தித் தாளை மடிக்கும்போது, "இன்னும் ஒரே ஒரு திருத்தம்..." என்று ஆரம்பித்தார் அழகன். கஜேந்திரன் காதில் வாங்கவில்லை. கவரின் ஓரத்தை நக்கி, உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினான். ரோட்டுக்கு ஓடிப்போய் மஸ்கெலியாவிலிருந்து வந்த ஹட்டன் பஸ்ஸை மறித்து, கண்டக்டர் கையில் கொடுத்தான்.

"அச்சகத்துல நேராக் குடுத்துருங்க. இன்னிக்கே."

கண்டக்டர் கவரைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு விசிலடித்தார்.