கம்புக்கு ஒரு சிட்டிகை சாம்பிராணி

டான்யூப் கரைக் கோட்டையில் எங்கள் படைக்குப் புதுக்கொடி வந்த அன்று தளபதி கௌதென்டியுஸ் கண்ணீர் விட்டார். கம்பின் உச்சியில் கழுகு இருந்த இடத்தில் கிறிஸ்துவின் பெயரிலுள்ள முதல் இரண்டு எழுத்துகள் பின்னிக்கொண்டு பளபளத்தன. தளபதி புது விசுவாசி. ஞானஸ்நானம் மட்டும் இன்னும் வாங்கவில்லை. ஒரே முழுக்கில் எல்லாப் பாவமும் போய்விடும் என்பதால், செய்ய வேண்டிய மிச்சத்தையும் செய்துவிட்டு முழுகலாம் என்றிருந்தார்.

எங்களில் பழைய விசுவாசி தீஸா ஒருவன்தான். எட்டு வருடத்துக்கு முன் கழுகுக் கொடிக்குச் சாம்பிராணி போட மாட்டேன் என்றதற்கு, இதே கௌதென்டியுஸ் அவன் இடது கால் நரம்பை அறுத்துக் கல்குவாரிக்கு அனுப்பினார். பேரரசரே கிறிஸ்தவராகிச் சட்டம் மாறியதும் நொண்டிக்கொண்டே வந்து மறுபடி வரிசையில் நின்றான். இருபது வருடச் சேவை முடிய இன்னும் மூன்று வாரம். முடித்தால் ஆற்றங்கரையில் ஒரு துண்டு நிலம். அவன் திரும்பி வந்ததே அதற்காகத்தான்.

அதற்குள் ரோஜாத் திருநாள் வந்தது. வருடா வருடம் கொடிகளுக்கு எண்ணெய் பூசி, ரோஜா மாலை சாத்தி, சாம்பிராணி போடுவோம். சாமி மாறிவிட்டதே, சடங்கு என்னாவது என்று யாருக்கும் தோன்றவில்லை. முதல் சிட்டிகையைத் தீஸாவே போடட்டும் என்று தளபதி பெருந்தன்மையாகச் சொன்னார். கொடியைப் பிடித்து நின்றவன் நான்.

தீஸா கிண்ணத்தைத் தொடவில்லை.

"ஏன்டா, உன் சாமிதானடா மேல இருக்கு?" என்று தளபதி பல்லைக் கடித்தார்.

"சாமி சாமிதானுங்கய்யா, கம்பு கம்புதானுங்களே. கம்புக்குச் சாம்பிராணி போடவா நான் காலைப் பறிகுடுத்தேன்?"

மூன்று வாரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தொலை என்று நான் முணுமுணுத்தேன்.

"நீ போடுடா. உனக்குத்தான் நட்டுவச்சதெல்லாம் சாமியாச்சே" என்றான்.

ரோஜா வாடுவதற்குள் விசாரணை முடிந்தது. குற்றம் என்னவென்று எழுத வேண்டும் என எழுத்தர் கேட்டார். கிறிஸ்துவை அவமதித்தது என்றார் தளபதி, குரல் தழுதழுக்க.

தீஸா சிரித்துவிட்டான். "போன தடவ கிறிஸ்தவன்னு எழுதி அனுப்புனீங்க. ஏதாச்சும் ஒண்ணுல நில்லுங்கய்யா."

குவாரி மட்டும் மாறவில்லை. அவனுக்குப் பதில் சாம்பிராணியை நான் போட்டேன். அவனுக்கு வரவேண்டிய நிலம், பட்டியலில் அடுத்து இருந்தவனுக்குப் போயிற்று. நல்ல மண். வாற்கோதுமை எனக்கு நன்றாகவே விளைகிறது.