கழுவிய வாளிகள்

கப்பலில் வரவேண்டிய எரிவாயு வராமல் நின்றபின், தர்ம ஆஸ்பத்திரியின் சிலிண்டர் கூண்டில் பூனை குட்டி போட்டிருந்தது. நோயாளிகளுக்கு வெளியிலிருந்து பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார் செயலாளர்.

"வந்து சேர்றதுக்குள்ள ஆறிடும் ஐயா. வயித்தை அறுத்துத் தைச்சவங்க ஆறின கஞ்சியை எப்படிக் குடிப்பாங்க?" என்று சமையல்காரி மன்றாடினாள்.

கடைசியில் பின்கட்டில் ஒரு தொட்டி கட்டினார்கள். மிச்சச் சோறும் காய்கறித் தோலும் அதற்குள் அழுகினால் வாயு கிளம்பும், அடுப்பு எரியும். எரியாவிட்டால் சமையலறைக்குப் பூட்டு என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கழிவு அள்ள ஆள் அகப்படவில்லை. அவள்தான் வேலையில்லாமல் இருந்த தன் கொழுந்தனைக் கூட்டிவந்து சேர்த்தாள். சாப்பாட்டுக் கடைகளில் அள்ளிய வாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவான்.

"வீட்டுக்குப் போற பஸ்ல எனக்கு ராஜமரியாதை அண்ணி! நான் ஏறினா சுத்தி இருக்கற சீட்டெல்லாம் காலி," என்று சிரிப்பான். ஒருநாள் அந்தச் சிரிப்பைக் காணோம்.

"என்னப்பா, மூஞ்சி செத்துக் கிடக்கு?"

"சின்னவ, 'அப்பா, தள்ளி உக்காந்து சாப்பிடுங்க'ங்கறா அண்ணி."

நாற்றம் இனி அவன்மேல் ஒட்டக்கூடாது என்று அவள் நினைத்தாள். அன்றுமுதல் அவன் போனபின் ஒவ்வொரு வாளியிலும் வார்டு துடைக்கும் பினாயிலைத் தாராளமாக ஊற்றித் தேய்த்தாள். அலசிய தண்ணீரைத் தொட்டிக்குப் போகும் வாய்க்காலிலேயே கொட்டினாள். காலையில், அடுப்பைப் பற்றவைக்குமுன் கண்ணை மூடி, "சாமி, அணையாம பாத்துக்கோ," என்று வேண்டிக்கொண்டாள்.

நீலமாக நின்று எரிந்த தீ நாளுக்கு நாள் குறுகியது. ஒரு காலையில் பற்றவே மறுத்தது.

தொட்டி கட்டிய மேஸ்திரி வந்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "உள்ள இருக்கற கிருமிதான் வாயு குடுக்குது. அதைக் கொன்னுட்டாங்க. யாரோ பினாயில் ஊத்தியிருக்காங்க."

"யாரு?" என்றார் செயலாளர்.

அவள் அணைந்த அடுப்பையே பார்த்தாள். கொழுந்தன் மூலையிலிருந்த பினாயில் டப்பாவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நான்தாங்க. நாத்தம் தாங்கல."

"இந்தம்மா அடுப்புக்காக உயிரை விடுது. நீ கூட இருந்தே குழி பறிச்சிருக்க! வெளியே போடா!"

வாசல்வரை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். அவன் மெல்ல விடுவித்துக்கொண்டான். "விடுங்க அண்ணி. நீங்க போயிட்டா இவங்களுக்குக் கஞ்சி யார் காய்ச்சுவா?"

புதுக் கிருமிக்காகச் சாணம் வந்தது. தொட்டியைக் கழுவி மறுபடி நிரப்பினார்கள். சில வாரங்களில் தீ திரும்பியது. செயலாளர் நன்கொடையாளர்களை அழைத்து வந்து காட்டினார். "ஒரு உதவாக்கரைப் பயலை விரட்டினேன். எப்படி எரியுது பாருங்க!"

கரண்டியை வைத்துவிட்டு அவர் பின்னாலேயே அறைக்குப் போனாள். "ஐயா, அன்னிக்குப் பினாயில் ஊத்தினது நான்தான். அவனைத் திருப்பிக் கூப்பிடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அடுப்பு எரியுதுல்ல?"

"எரியுதுங்க."

"அப்புறம் என்னம்மா? பெரிய மனுஷங்ககிட்ட சொல்லியாச்சு. இப்பப் போய் மாத்திச் சொன்னா எனக்குத்தான் தலைகுனிவு. கஞ்சியைப் போய்ப் பாரு."

புது ஆள் யாரும் வரவில்லை. சமையல் முடிந்ததும் அவளே வண்டி தள்ளினாள். வாளிகளை வெறும் தண்ணீரில் அலசினாள். சாயங்கால பஸ்ஸில் அவளைச் சுற்றி இருந்த சீட்டுகள் காலியாயின.

ஒருநாள், வேலை தேடி அலைந்துவிட்டுத் திரும்பிய கொழுந்தன் ஏறி, நேராக வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன அண்ணி, ராஜமரியாதை எப்படி இருக்கு?"

அவள் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சின்னவ இப்ப மடியை விட்டு இறங்க மாட்டேங்கறா," என்றான் அவன்.

அவன் வீட்டு அடுப்பு எரிகிறதா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.