பெஸ்த்காவுக்குப் போட்ட பட்டினி

மே மாத நீண்ட விடுமுறை. ஊரே தோட்டங்களில் இறைச்சி சுட்டுக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் பெஸ்த்கா பச்சைப் பச்சையாகப் பேதி போய்க்கொண்டிருந்தாள். பெஸ்த்கா எங்கள் ஃபெரெட் குட்டி. கீரி மாதிரி உடம்பு; பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பல்லை நறநறவென்று கடித்தபடி கூண்டின் மூலையில் சுருண்டு கிடந்தாள்.

எங்கள் போலந்துக் குடும்பங்களில் யாருக்கு வயிறு கெட்டாலும் ஒரே வைத்தியம்தான். முதல் நாள் முழுப் பட்டினி, மறுநாள் கேரட்டைக் குழைய வேகவைத்த கஞ்சி. நானும் அப்படித்தான் வளர்ந்தேன், எங்கள் நாய்களும் அப்படித்தான் வளர்ந்தன. பெஸ்த்காவின் கிண்ணத்தை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். என் கணவன் லெஷெக் தாடி வைத்த ஆறடி ஆள், ஆனால் இளகின மனசு. பாவம் பசிக்குமே, ஒரு துண்டு கோழியாவது கொடுப்போம் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

"நீ குடுக்கிற செல்லத்துலதான் எல்லாம் கெட்டுப்போகுது. ஒரு துணுக்கு போட்டே, உன்னையும் சேர்த்துக் கூண்டுல அடைச்சிருவேன்" என்றேன்.

மறுநாள் காலையில் கேரட் கஞ்சியை நீட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தூக்கினால் துணி மாதிரி துவண்டாள். கீழே விட்டால் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். எனக்குப் பகீரென்றது. வழக்கமான மருத்துவர் ஏரிக்கரைக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். எங்கெங்கோ போன் அடித்து, கடைசியில் ஊரின் மறுகோடியில் திறந்திருந்த ஒரு கிளினிக்குக்கு ஓடினோம். வழியெல்லாம் சால்வைக்குள் கையை விட்டு, மூச்சு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அங்கிருந்த மருத்துவர் யரோஷ் அம்மா முதலில் ஈறில் தேன் தடவினார். ஊசி போட்டார். மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, குடலில் ஒட்டுண்ணி, மருந்து இருக்கிறது என்றார். பிறகு, கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார்.

நேற்றுக் காலைக்குப் பிறகு ஒன்றுமே கொடுக்கவில்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

"இது நாய் இல்லைம்மா. தின்னது மூணு நாலு மணி நேரத்துல வெளியே வந்துரும். அப்புறம் ரத்தத்துல சர்க்கரை இறங்கிரும். நீங்க சொல்றபடி கிடந்திருந்தா இந்தக் குட்டி ராத்திரியே போயிருக்கணும்."

லெஷெக்கின் காது சிவந்தது. மெல்ல ஒப்புக்கொண்டான். நான் குளிக்கப் போனபோதும் குப்பை கொட்டப் போனபோதும், கோழியை நசுக்கி விரல் நுனியில் வைத்து ஊட்டியிருக்கிறான்.

"திட்டாதே, போக்னா. அவ பாத்த பார்வையை என்னால தாங்க முடியலே."

"அதுதான் இவளைப் பிடிச்சு வச்சிருக்கு" என்றார் மருத்துவர்.

திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். மருத்துவர் ஊசியில்லாத சிரிஞ்சில் கோழிக்கூழை உறிஞ்சி, இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும், இன்னும் கண்டம் தாண்டவில்லை என்றார். நான் கையை நீட்டினேன். அவர் அதை லெஷெக்கிடம் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. லெஷெக் மண்டியிட்டு சிரிஞ்சை வாயருகே கொண்டுபோனான். பெஸ்த்கா கண்ணைத் திறக்காமலேயே ஒரு முறை நக்கினாள். பிறகு இன்னொரு முறை. நான் சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அவன் சொன்னபடி நின்றேன்.