தம்ளரில் தெரிந்த மரம்

தச்சரின் தங்கை பெற்ற பெண் குழந்தை இந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறது. தொட்டில் செய்து தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். இன்னும் மரத்தில் கை வைக்கவில்லை.

பட்டறை வாசலில் ஒரு கட்டை கிடந்தது. போன வருஷப் புயலில் சாலையில் விழுந்து காய்ந்த மரம். குழந்தைக்கென்று அதைக் கொண்டுவந்து இறக்கியவர் பக்கத்து வீட்டு லாரிக்காரர். என்ன மரம் என்று அவருக்கும் தெரியாது.

"பாப்பாவை வெறுங்கையோட பார்க்கக்கூடாதேன்னு கொண்டாந்தேன். நீங்க என்னடான்னா பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி சுத்திச் சுத்தி வர்றீங்க."

தச்சர் சிரிக்கவில்லை. அந்தச் செம்பழுப்பு நிறத்தில் அவருக்குத் தெரிந்து இரண்டு மரம் உண்டு. ஒன்று வேங்கை. இன்னொன்றின் பால் பட்டால் தோலில் கொப்புளம் போடும்; அந்தப் பால் காய்ந்தால் கறுத்துவிடும். இந்தக் கட்டையின் பட்டையிலும் கறுப்பாக ஏதோ வடிந்து உறைந்திருந்தது. முகர்ந்து பார்த்தார்.

"டீசல் நாத்தம்தான் வருது."

"பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க. இது என்னோட சேர்ந்த கட்டை."

உள்மரத்தின் வாசனைக்காக இழைப்புளி ஓட்டினார். சீவல்கள் சுருண்டு பறந்தன. மெல்லிய வாசனை ஒன்று எழுந்தது. ஆனால் அந்தக் கறுப்பு அவர் மனசை விட்டுப் போகவில்லை.

"தெரியாத மரத்துல பச்சைப்பிள்ளையைப் படுக்கவைக்க மனசு வரலைண்ணே. கோவிச்சுக்காதீங்க."

லாரிக்காரரின் முகம் வாடிவிட்டது. அதைப் பார்த்த தச்சரின் மனைவி, உள்ளே போய் அவருக்குக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். லாரிக்காரர் அதைச் சீவல் குவிந்த பலகையில் வைத்துவிட்டு, கட்டையைத் திரும்ப வண்டியில் ஏற்றக் குனிந்தார். இருவரும் தூக்கிப் பார்த்தார்கள். கட்டை அசைந்து கொடுக்கவில்லை.

"தண்ணியையாவது குடிங்கண்ணே," என்றாள்.

லாரிக்காரர் மூச்சு வாங்கத் தம்ளரை எடுத்தார். உள்ளே சீவல்கள் விழுந்து ஊறியிருந்தன.

"இருங்க, குடிச்சிடாதீங்க," என்றார் தச்சர்.

லாரிக்காரரின் கறுப்புச் சட்டைக்கு முன்னால், வெயிலில், தண்ணீரின் ஓரம் நீலமாக ஒளிர்ந்தது. வானத்தைக் கரைத்து ஊற்றினாற்போல ஒரு நீலம். தம்ளரை நிழலுக்குக் கொண்டுபோனால் வெறும் தேநீர் நிறம். வெயிலுக்கு வந்ததும் மறுபடி நீலம்.

"வேங்கை தண்ணியில ஊறினா நீலம் காட்டும்னு கேட்டிருக்கேன்," என்றார் தச்சர் மெல்ல. "கட்டுக்கதைன்னு நினைச்சேன்."

விரலை நனைத்துப் பட்டையின் கறுப்பில் தேய்த்தார். விரல் சிவந்தது. அது வேங்கையின் செம்பிசின். காய்ந்து கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். அவர் கண்ணை மூடி ஒரு நிமிடம் கைகூப்பினார். பட்டையும் நிறமும் வாசனையும் சொல்லாததை, தாகத்துக்கென்று கொடுத்த தண்ணீர் சொல்லிவிட்டது. கடவுள் எந்தக் கை வழியாகப் பேசுவார் என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணே, மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு கிடக்கட்டும். என் தாகம் அப்படியே இருக்கு."

மனைவி சிரித்துக்கொண்டே வேறு தம்ளர் எடுக்கப் போனாள். தச்சர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, தொட்டிலுக்கு முதல் கோட்டை இழுத்தார்.